ரங்கூன் வீட்டுப் படத்துக் காளை

படத்தை விட்டு ஒரு காளை இறங்கி வந்துச்சேன்னு எங்க விராலிவயல்ல யாரும் வாயைப் பிளக்கல. இறங்குன காளை ஊர்த் தலைவரு அம்பலகாரர் தொழுவைத் தாண்டி, கோயில் வாசலையும் தாண்டி, போயும் போயும் எங்க மதினி அடைக்கி வீட்டுக் கட்டுத்தரையில போய் ஏன் நின்னுச்சுங்கிறதுலதான் ஊரு ரெண்டுபட்டுச்சு. ஆம்பளையில்லாத வீட்டுக்கு அவ்வளவு பெரிய மாடு எதுக்குன்னு அம்பலகாரர் கேட்டாரு. ஆம்பளை இருக்கிற வீட்டுல மாடு பட்டினி கெடக்குறது அதுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நான் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது ஊருக்கே தெரியும்.

அந்தப் படத்தை நீங்க பார்த்ததில்லையே. இப்ப இருக்கிற உமையாள் ஆச்சியோட பாட்டனாருக்குப் பாட்டனாரு, ரங்கூன்ல ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குக் கிளம்புறப்ப அவன் பங்களா சாமானை ஏலத்துல எடுத்து, கப்பல்ல ஏத்தி, தொண்டியில இறக்கி, மாட்டுவண்டியில வைக்கோலை மெத்தையாப் போட்டுக் கொண்டாந்த படம் அது. ரங்கூன் காசுல கட்டுனதால ரங்கூன் வீடுன்னு பேரான அவுக வீட்டு முகப்புக் கதவைத் திறந்தா தெருவுல போறவளுக்கே தெரியும், அவ்வளவு பெரிசு. அலையடிக்கிற தண்ணி, தண்ணிக்கு நடுவுல பால் வெள்ளையில ஒரு காளை, கொம்புல பூவு, கழுத்துல மாலை, முதுகுல ஒருச்சாய்ச்சு உக்காந்து ஒரு கையால கொம்பைப் புடிச்சுக்கிட்டு மறுகையால பறக்குற துணியைப் புடிச்சுக்கிட்டுக் கரையைத் திரும்பிப் பார்க்கிற ஒரு பொண்ணு, கரையில கையை ஒசரத் தூக்கி நிக்கிற கூட்டாளிப் பொண்ணுக மூணு பேரு, மேல றெக்கை முளைச்ச ரெண்டு குண்டுப் பயலுக. அந்தப் பொண்ணுக்கு இடுப்புக்கு மேல துணி கிடையாதாம். அந்தக் காலத்து ஆச்சி ஒருத்தருக்கு அது பொறுக்காம, காரைக்குடியில இருந்து சினிமா பேனர் எழுதுற ஆளைக் கூட்டியாந்து, சிவப்புல ஒரு பஃப் கை ரவிக்கை எழுதிவிட்டாக. ரவிக்கை அவளுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

பார்த்தாலே தெரியாதா என்ன கதைன்னு? மாட்டுக்காரன் வீட்டுப் பொண்ணு, மஞ்சுவிரட்டுக்கு மாட்டைக் கண்மாய்க்குள்ள எறக்கிக் குறுக்கு வழியா ஓட்டிட்டுப் போறா, கூட்டாளிக கரையில நின்னு குலவை போட்டு வழியனுப்புறாளுக. இதை எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, சொல்லிக் குடுக்கவும் வேணாம். அதனால மாட்டுப்பொங்கலன்னிக்கு ஊர் மாட்டையெல்லாம் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடிச்சு, ரங்கூன் வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தி, கதவைத் திறக்கச் சொல்லி, படத்து மாட்டுக்கு முதல் சூடம் காட்டிட்டுத்தான் மஞ்சுவிரட்டுப் பொட்டலுக்குப் பத்திக்கிட்டுப் போவோம். எங்க ஊரு முதல் மரியாதை அந்த மாட்டுக்குத்தான்.

அடைக்கியைப் பத்திச் சொல்லணும். எங்கண்ணன் சேவுகன் அவளை எப்படிக் கட்டுனான்னு சுத்துப்பட்டுல யாரை வேணும்னாலும் கேளுங்க. அவ ஊரு மஞ்சுவிரட்டுக்குப் போனவன், மாட்டைப் புடிக்கிறதை விட்டுட்டு, ஊரணியில தண்ணிக்கொடத்தோட ஏறி வந்த புள்ளையை அப்படியே தூக்கிக் கூண்டுவண்டியில போட்டு, அவுக ஊரு ஆளுக கம்போட வர்றதுக்குள்ள எங்க கோயில்ல கொண்டாந்து தாலியைக் கட்டிப்புட்டான். அவ அப்பன் மறுநாளே மகளைத் தலைமுழுகிட்டாரு. ரெண்டு ஊருக்கும் அன்னிக்கோட கொள்வினை குடுப்பினை அத்துப்போச்சு. நாங்க அதைப் பாட்டாக் கட்டி, பொங்கலுக்குக் கும்மி கொட்டுறப்ப சேவுகன் சிட்டாப் பறந்த கதையப் பாடுவோம், நான்தான் எடுத்துக்குடுக்கிறது, தொண்டை அப்ப கணீர்னு இருக்கும். அடைக்கியும் வட்டத்துல நின்னு கை கொட்டுவா. அண்ணன் காமாலையில போய்ச் சேர்ந்து பல வருஷமாச்சு, புள்ளை குட்டி இல்லை, அவ மாடு வளர்த்தே காலத்தை ஓட்டுனா. வச்சிருந்த ஒரு செவலையும் போன புரட்டாசியில செத்துப்போய், கட்டுத்தரையில வெறும் முளைக்குச்சியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா.

அப்பத்தான் இது வந்துச்சு. பொங்கலுக்கு நாலஞ்சு நாள் இருக்கும். ரங்கூன் வீட்டைப் பார்த்துக்கிற சுப்பையா விடிஞ்சும் விடியாம கூட்ட வந்தவரு, "இதென்னடா கூத்து, ஹாலெல்லாம் உப்புத்தண்ணி, தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லு என்னத்துக்கு ஆகும்"னு கத்துன கத்துல நாங்க ஓடுனோம். படத்துல மாடு இருந்த இடத்துல தண்ணி மட்டும் இருந்துச்சு. ஈரக் குளம்பு படிக்கட்டுல இறங்கி, தெருவுல இறங்கி, அடைக்கி வீட்டுச் சந்துல திரும்பியிருந்துச்சு. அங்க போனா அவ பருத்திக்கொட்டையை ஆட்டி வச்சுக்கிட்டு, வைக்கோல் பிரியால மாட்டோட உடம்பைத் தேய்ச்சுக் கழுவிக்கிட்டிருக்கா.

"உப்பு காஞ்சா அரிக்கும், பாவம்"ங்கிறா.

அம்பலகாரரு தவிடும் புண்ணாக்கும் கலந்து கொண்டாந்து நீட்டுனாரு, மாடு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. பூசாரி கோயில் பிரசாதம்னு சக்கரைப்பொங்கல் கொண்டாந்தாரு, அதுவும் ஆகல. அவ கையால குடுத்தா மட்டும் நாக்கைச் சொழட்டித் தின்னுச்சு. அதோட அந்தப் பஞ்சாயத்து முடிஞ்சுச்சு. மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டியாந்து காட்டுனோம், பல்லைப் பார்த்தாரு, திமிலைத் தட்டுனாரு, நல்ல ஆரோக்கியமான மாடு, கொஞ்சம் கடல் காத்துப் பட்டிருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஊருக்கு இருந்த ஒரே வருத்தம் மூக்குதான். அத்தத்தண்டி மாடு, மூக்குக் குத்தல. கயிறு போட்ட தடமே இல்லை. இப்படி அவுத்துவிட்டு வளர்த்தா அது எவன் சொல்லைக் கேக்கும், என்ன ஊரோ என்ன மனுசங்களோன்னு ஆளாளுக்குத் தலையில அடிச்சுக்கிட்டாங்க.

அடைக்கியே கயிறு திரிச்சா. மூக்குக் குத்துற ஆளு ஊசியை எடுத்தப்ப மாடு பின்னங்காலை ஒரு உதை உதைச்சு, வானத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, மார்கழிக் கடைசியில இடி இடிச்சுச்சு. "இடிக்கட்டும், நீ குத்து"ன்னா அடைக்கி. ரெண்டு கையாலயும் அதோட மூஞ்சியைப் புடிச்சு நெஞ்சோட சேர்த்துக்கிட்டா. கயிறு ஏறுனதும் அது கண்ணுல தண்ணி வந்துச்சு, இவ கண்ணுலயும் வந்துச்சு. அன்னையிலிருந்து அவ பின்னாடியே குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துச்சு.

மாட்டுப்பொங்கலன்னிக்கு ரங்கூன் வீட்டு வாசல்ல கூடுனோம். படத்துல மாடு இல்லையே, அதனால படத்துக்கு முதுகைக் காட்டி நின்னு, வாசல்ல உசுரோட நின்ன மாட்டுக்குச் சூடம் காட்டுனோம். "ஏத்தா, படத்துப் புள்ளைக்குக் காலு நனையுதே"ன்னு சுப்பையா சொன்னாரு. மேளச் சத்தத்துல யாரு காதுல விழுந்துச்சு? பொட்டலுக்குப் போனோம். வழக்கப்படி அவுத்துவிடுற நேரத்துல மூக்கணாங்கயிறை உருவிட்டு அடைக்கி ஒதுங்குனா. ஒரு பய கிட்ட போகல, போக முடியல. பொட்டலை மூணு சுத்து சுத்தி, கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு, நாங்க வீடு வர்றதுக்குள்ள அது கட்டுத்தரையில வந்து நின்னுச்சு, அடைக்கி வந்ததும் மூக்கை நீட்டிக் கயிறை மாட்டிக்கிச்சு. சுத்துப்பட்டு பூரா விராலிவயல் வெள்ளைன்னா தெரியாத ஆளில்லை. எங்க ஊருக்கு வந்த பெருமை கொஞ்சமில்லை. அடைக்கி சிரிச்சு நான் அப்பத்தான் பார்த்தேன், இத்தனை வருஷத்துல.

பொங்கலுக்கு வந்திருந்த உமையாள் ஆச்சிதான் எங்களைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டுனாக. மெட்ராஸ்ல காலேஜ்ல பாடம் நடத்துறவுக, சின்னதுல நான் தூக்கி வளர்த்த புள்ளைதான். மாடு இறங்குன பிறகு அந்தப் பொண்ணு அந்தரத்துல உக்காந்திருந்தவ, எங்களுக்குத் தெரியாமயே கொஞ்சங்கொஞ்சமா எறங்கியிருக்கா. முழங்கால் தண்ணிக்குள்ள இருந்துச்சு. கொம்பைப் புடிச்சிருந்த கை வெறுங்காத்தைப் புடிச்சிருந்துச்சு. சாயங்காலம் போய்ப் பார்த்தா இடுப்பு. மறுநாள் காலையில சிவப்பு ரவிக்கையோட ஓரம் நனைஞ்சிருச்சு.

"மாட்டை ஏத்திவிட்டாத்தானே பொழைப்பா, ஏத்துங்க"ன்னேன் நான்.

"ஏத்துனா தூக்கிட்டுப் போயிருமே, நாகக்கா" அப்படின்னாக ஆச்சி.

அப்பத்தான் அந்தக் கதையைச் சொன்னாக. கிரேக்கம்னு ஒரு தேசமாம். இது மாடே இல்லையாம், அவுகளுக்குப் பெரிய சாமியாம், ஸியூஸுன்னு பேராம், இடியெல்லாம் அவரு கையிலயாம். கிட்டத்தட்ட நம்ம இந்திரன் மாதிரி, புத்தியும் அதே புத்திதான். கடற்கரையில கூட்டாளிகளோட பூப்பறிச்சுக்கிட்டிருந்த ராஜா மகளைப் பார்த்து ஆசைப்பட்டு, சாதுவான காளையா வேஷம் போட்டு வந்து, தடவிக்குடுக்க விட்டு, மாலை போட விட்டு, அவ வெளையாட்டா முதுகுல ஏறுனதும் கடலுக்குள்ள பாஞ்சு தூரதேசம் கொண்டுபோயிட்டாராம். இந்தக் கதையை வெள்ளைக்காரங்க தேசத்துல நூத்துக்கணக்குல வரைஞ்சு வச்சிருக்காகளாம். அரமனையில, மியூசியத்துல, கிண்ணத்துல கூட. அம்புட்டும் அழகாம், பார்க்க ஆயிரம் கண்ணு வேணுமாம். அவ பேரு யூரோப்பாவாம், அந்தக் கண்டத்துக்கே அவ பேருதானாம்.

மாட்டோட கயிறைப் புடிச்சுக்கிட்டு வாசல்ல நின்ன அடைக்கி, அதுவரைக்கும் வாயைத் திறக்காதவ, கேட்டா.

"பேரு வச்சாக, சரி. வீட்டுக்குக் கொண்டாந்து விட்டாகளா?"

ஆச்சி தலையை ஆட்டுனாக. "இல்லை. அவ அப்பா அவளைத் தேட அண்ணன் தம்பிகளை அனுப்பினார். கிடைக்கலைன்னு போன இடத்துலயே அவங்க தங்கிட்டாங்க. கதை அதோட முடியுது, அடைக்கியக்கா."

ஊரு கூடிருச்சு. மாட்டை ஏத்துனா அவளைக் கொண்டுபோகும், ஏத்தாட்டி அவ முழுகுவா, என்ன செய்யிறது? அம்பலகாரரு தொண்டையைச் செருமிக்கிட்டு, அங்க என்ன பண்ணுச்சோ நமக்கென்ன, இங்க அது மாடு, நல்ல மாடு, அடுத்தடுத்துப் பொட்டல் இருக்கு, படத்துல இருக்கிற பொண்ணுக்காக உசுரோட இருக்கிற மாட்டை விடுவாகளான்னாரு. "உசுரு இல்லாமத்தான் முழுகுறாளா?"ன்னா அடைக்கி. பூசாரி, சாமி தொட்ட பொண்ணு குடுத்துவச்சவ, ராணி மாதிரி இருப்பா, மாடு போகட்டும்னாரு. நானும் சும்மா இருக்காம, "ஆமா, புடிக்காமலா குலவை போட்டு அனுப்புறாளுக, பாருங்க எப்படிக் கையைத் தூக்கியிருக்காளுகன்னு" அப்படின்னு சொல்லித் தொலைச்சேன்.

அடைக்கி என் பக்கம் திரும்புனா.

"நாகு, அது குலவை இல்லடி. உங்கண்ணன் என்னை வண்டியில போட்டப்ப எங்க ஊருப் புள்ளைக ஊரணிக்கரையில இப்படித்தான் கையைத் தூக்குனாளுக. ஐயோ ஐயோன்னு கத்துனாளுக. எனக்கு வண்டிக்குள்ள கேட்டுச்சு. நீங்க அதையும் குலவைன்னுதான் பாட்டுல வச்சீங்க."

அவ கோவமாச் சொல்லல, தண்ணி எடுத்தாந்தேன்னு சொல்ற மாதிரி சொன்னா. அதுதான் என்னைப் போட்டு அறுத்துச்சு. இத்தனை வருஷம் ஒரே சட்டியில ஆக்கித் தின்னிருக்கோம், ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எங்கண்ணன் அவளை அடிச்சதில்லை, பட்டினி போட்டதில்லை, அதைத்தான் நான் சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கிட்டேன். படத்துல அந்தப் பொண்ணு நெஞ்சளவு தண்ணியில நின்னு கரையைப் பார்த்துக்கிட்டிருந்தா.

அடைக்கி மாட்டை முகப்புக்குள்ள கூட்டிட்டுப் போனா. சுப்பையா வாளியும் சாக்கும் எடுத்து வச்சுக்கிட்டாரு. அவ மாட்டோட கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதா பாருங்க, அண்ணன் செத்தப்பக்கூட அவ அப்படி அழல. "நீ எம்புட்டுப் பெரிய சாமியா வேணும்னாலும் இரு, எங்கிட்ட நல்ல புள்ளையாத்தான் இருந்தே, போ"ன்னா. மாடு அவ தோளை நக்குச்சு. பொட்டல்ல அவுத்துவிடுற மாதிரி மூக்கணாங்கயிறை இப்ப உருவிருவா, உருவுனா அது பாஞ்சிரும்னு நாங்க ஒதுங்கி நின்னோம். அவ உருவல. கயிறோட நுனியில இன்னொரு கயிறை முடிஞ்சு நீளமாக்கி, படத்துக்கு நேரா நின்னு, "இந்தா புள்ளே, புடி"ன்னு தண்ணிக்குள்ள வீசுனா.

காத்தைப் புடிச்சிருந்த அந்தக் கை கயிறைப் புடிச்சுச்சு. கெட்டியா, ரெண்டு சுத்து கையில சுத்திப் புடிச்சுச்சு. மாடு முன்னங்காலைத் தூக்கிப் படச்சட்டத்துக்குள்ள வச்சு, திமிலை ஒடுக்கி, உள்ள இறங்குச்சு. அலை ஒண்ணு வெளிய வந்து எங்க எல்லாரோட காலையும் நனைச்சுட்டுப் போச்சு. "கல்லு போச்சு, கல்லு போச்சு"ன்னு சுப்பையா சாக்கைப் போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சாரு.

"என்னத்தா இப்படிப் பண்ணிட்டே, மாட்டைத் தூக்கிக் குடுத்துட்டியே"ன்னு அம்பலகாரரு அங்கலாய்ச்சாரு.

"மாட்டை எங்க குடுத்தேன், கயிறைத்தான் குடுத்தேன். இனி எந்தப் பக்கம் போகணும்னு அவ பார்த்துக்குவா"ன்னு முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா.

அன்னைக்குப் பூரா படத்துல ஒண்ணும் மாறல. அவ முதுகுல ஏறி நனைஞ்ச துணியோட உக்காந்திருந்தா, அவ்வளவுதான். அடுத்த நாள் மாட்டோட தலை லேசாத் திரும்பியிருந்துச்சு. சிவகங்கை வரைக்கும் சேதி போய், மஞ்சப்பையில கட்டுச்சோத்தைக் கட்டிக்கிட்டு ஜனம் வந்து ஹால்ல உக்காந்துருச்சு. திரும்புதா, திரும்பலையான்னு பந்தயம் வேற. றெக்கைப் பயலுக ரெண்டு பேரும் என்ன செய்யறதுன்னு தெரியாம சட்டத்தோட மூலையில போய் ஒண்டிக்கிட்டானுக. ரெண்டு மூணு நாள்ல மாட்டோட மூஞ்சி கரையைப் பார்த்திருச்சு. கயிறு அவ கையில விறைப்பா இருந்துச்சு. எங்க பொம்பளைக ஒருத்தி மாத்தி ஒருத்தி, "இந்தப் பக்கம், அப்படித்தான், விட்றாத"ன்னு படத்துக்கு வழி சொல்லிக்கிட்டே இருந்தாளுக. கரையில நின்ன மூணு பேரும் கையை எறக்கிட்டாளுக. ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டுத் தண்ணியில எறங்கிட்டா. அவுக கட்டியிருந்தது சேலை இல்லைதான், ஆனா அப்படித்தான் இருந்துச்சு.

ஒரு நாள் காலையில போனா படத்துல ஆளே இல்லை. கடல், கரை, கரையில ஒரு மரம், மரத்துல கட்டியிருந்த மாடு புல்லைத் தின்னுக்கிட்டிருந்துச்சு. உலகத்துல வேற எங்கயும் இந்தப் படம் இப்படி இல்லைன்னு உமையாள் ஆச்சி அழுதுக்கிட்டே சிரிச்சாக.

அடைக்கி ரொம்ப நேரம் பார்த்தா. மாட்டைத்தான் பார்க்கிறான்னு நினைச்சேன். அவ மரத்துக்கு அங்கிட்டு, அந்தப் பொண்ணுக ஏறிப் போயிருக்கக்கூடிய மேட்டைப் பார்த்துக்கிட்டிருந்தா.

"எங்கம்மா உசுரோட இருக்குமா நாகு?"

எனக்குத் தெரியல. எங்க யாருக்குமே தெரியல. அவ பொறந்த ஊரு ஒண்ணும் கடலுக்கு அங்கிட்டு இல்லை, சிங்கம்புணரி போய் இன்னொரு பஸ் ஏறுனா ஒரு மணி நேரம். "வா மதினி"ன்னு அவளைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பஸ் ஏறுனேன். வழி பூரா ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு வந்தா. ஊருக்குள்ள இறங்குனதும் அவ கால் தன்னால திரும்புச்சு, தெருவு சிமெண்டாகியிருந்துச்சு, வீடு ஓட்டு வீடாத்தான் இருந்துச்சு, வாசல்ல வேப்பமர நெழல்ல ஒரு கிழவி முறத்தைப் போட்டுப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கிட்டிருந்தா. நிமிந்து பார்த்தா. புளியைக் கீழ வச்சா. கையைச் சேலையில துடைச்சா. அடைக்கி அந்தக் காலடியில போய் உக்காந்தா, கிழவி அவ மூஞ்சியை, காதை, நரைச்ச தலையைத் தடவிப் பார்த்தா, எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது, நான் வெயில்லயே நின்னேன்.

அப்புறம் கிழவி என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, "இது யாரு?"ன்னா.

சேவுகன் தங்கச்சின்னு ஊரு ஊருக்கு மாரைத் தட்டிச் சொன்னவ நான். அந்த வாசல்ல நின்னு எனக்கு அந்தப் பேரு வாயில வரல.

அடைக்கி அம்மா மடியில இருந்து தலையைத் தூக்காமலே சொன்னா.

"என்னையக் கொண்டாந்து விட வந்தவ ஆத்தா. அவளுக்குக் கொஞ்சம் தண்ணி குடு."